சார்ஜாவுக்குப் போன அய்யா

“ஏம்மா, நல்லாப் பிடிச்சுக்க. நீயும் விழுந்து வச்சா ஒரே வீட்டுக்கு ரெண்டு மாலை வாங்கணும்” என்றார் நெய்னா முகம்மது. சாயல்குடி ரோட்டில் மொபெட் பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தது. பின்னால் பூமயில், அவருடைய ஸ்டுடியோ கேமராவை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்குள் அவளுடைய அய்யா செல்லச்சாமி, நெற்றியில் ஒற்றை ரூபாயும் நாடிக்கட்டுமாக.

நேற்று சாயங்காலம்கூட மிளகாய்க் கொல்லையில் ஆடு விட்டவனோடு மல்லுக்கு நின்ற மனுஷன், விடியுமுன் போய்விட்டார். மூத்தவன் நாகநாதன் சார்ஜாவில். பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். “எம்புள்ள மொகத்தைப் பாக்காம இவரைத் தூக்க விடமாட்டேன்” என்று அம்மா சோணையம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா முனியசாமிக்கோ குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க நேரமாகிறது, வெயில் ஏறுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் பூமயில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

“நெட்டுல போடுறேன். அண்ணன் அங்கனயே பாத்துரும்.”

ராமநாதபுரத்தில் மூணு மாசம் வெப் டிசைன் படித்தவள். படித்தாள் என்றால், சென்டரில் கொடுத்த தாளைப் பார்த்து அப்படியே அடிக்கப் படித்தாள். படம் வைக்க இந்த வரி, எழுத்து மின்ன இந்த வரி, பக்கத்தை நெட்டில் ஏற்ற இந்தக் கட்டளை என்று பொடி எழுத்தில் ரெண்டு பக்கமும் அடித்த தாள். அது கையில் இல்லாவிட்டால் அவளுக்குச் சொந்தப் பேரைக்கூடத் திரையில் கொண்டுவர வராது.

நெய்னா முகம்மதின் கடையில் முன்பாதி ஸ்டுடியோ, பின்பாதி பிரவுசிங் சென்டர். அங்கே கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்து, படத்தை ஏற்றி, செல்போனில் அண்ணனுக்கு முகவரியைச் சொன்னாள்.

“வந்துச்சாண்ணே?”

“வந்துச்சுத்தா. ஒரு கட்டம். உள்ள செவப்பா ஒரு பெருக்கல் குறி. இதா அய்யா?”

பூமயில் தலையில் அடித்துக்கொண்டாள். படத்தை அனுப்புமுன் ‘பைனரி’ என்று ஒரு வார்த்தை அடிக்க வேண்டும். தாளில் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். அது இல்லாவிட்டால் எழுத்து ஒழுங்காகப் போகும், முகம் போகாது.

இந்தத் தடவை பக்கத்தையும் சேர்த்து, தாளில் ஒரு வரி விடாமல் முதலிலிருந்து மறுபடி அடித்தாள். இதற்குள் கடைப் போனில் சித்தப்பா. “என்னதான் பண்றீக அங்கன? மேளக்காரன் கெளம்புறேங்கிறான்!” நெய்னா முகம்மது ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப தெரியுதாண்ணே?”

“ஓடுறாரு” என்றான் நாகநாதன்.

“யாரு?”

“அய்யாதான். வலப்பக்கமா வந்து இடப்பக்கமா ஓடிப் போறாரு. கீழ ‘நியூ அரைவல்’னு வேற மின்னி மின்னி அணையுது.”

சேலைக்கடைப் பக்கத்துக்காகத் தாளில் கொடுத்திருந்த மாதிரி அது. படத்தின் பேரை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே அடித்துவிட்டாள். “யா அல்லா” என்று நெய்னா முகம்மது சுவர்ப்பக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது. பூமயிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பன் செத்துக்கிடக்க இதென்ன சிரிப்பு என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“சேலைக்கு எழுதுனதுண்ணே அது. ஓடாம நிறுத்திரவா?”

“வேணாத்தா, விடு. உசுரோட இருந்தப்ப மட்டும் என்னைக்கு அந்த மனுஷன் ஒரு எடத்துல நின்னாரு?” என்று அவனும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. சார்ஜாவில் யாரோ இந்தியில் அவனைத் தேற்றுவது கேட்டது.

கடைப் போனில் சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். “பாத்துட்டானா, இல்லையா? தூக்கிரலாமா?”

“அண்ணே, சித்தப்பா கேக்குறாரு. தூக்கிரலாமா?”

“இரு. அந்தா, ஓரத்துக்குப் போயிட்டாரு. இன்னொரு தடவை வரட்டும்.”

பூமயில் தன் திரையிலும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். செல்லச்சாமி வந்தார், போனார்.

“அண்ணே.”

“இன்னும் ஒரே ஒரு தடவைத்தா.”

பூமயில் திரும்பி நெய்னா முகம்மதைப் பார்த்தாள். அவர் ரிசீவரைக் காதோடு சேர்த்துவைத்துக்கொண்டார்.

“இன்னும் வரல மாப்ள” என்றார். “நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்கு.”