கித்துள் கட்டைப் போல்ட்டுகள்

1994 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் கரையோர ரயில் பாதையில், உடுவெல்ல நிலையத்துக்குத் தெற்கே ஒன்றரை மைல் தூரத்துக்குள் தண்டவாளங்களை இணைக்கும் பதினொரு போல்ட்டுகள் இருக்கவில்லை.

அதைப் புத்தகத்தில் எழுதியவர் கீமேன் சரணேலிஸ். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக்கொடி, தண்டவாளத்தில் கட்டும் மூன்று வெடிகள் ஆகியவற்றோடு தினமும் காலையில் பாதையைப் பார்த்துக்கொண்டு நடப்பது அவருடைய உத்தியோகம். கோச்சியில் போகிறவர்கள் கதவில் தொங்கிக்கொண்டு கடலைப் பார்ப்பார்கள். அவர் முப்பத்தொரு வருடமாகக் கீழே பார்க்கிறார். கோச்சியின் கழிப்பறைகள் எல்லாம் நேரே பாதையில் திறப்பவை. சிலிப்பர் கட்டைகளின் மேல் அது காய்ந்தும் காயாமலும் கிடக்கும். மீன்வாடிக்காரர்கள் குடலைக் கொண்டுவந்து கொட்டுவதும் அங்கேதான். மழைக்காலத்தில் கடல் ஏறி வந்தால் இதையெல்லாம் கழுவுவதில்லை, கலக்கிவிட்டுப் போகும். அந்த உப்புத்தண்ணீர்தான் போல்ட்டுகளைத் தின்கிறது. முதலில் சுரை, அதாவது நட்டு, போகும், பிறகு தலை போகும், பிறகு ஓட்டை மட்டும் மிஞ்சும்.

பத்து மணிக்குப் பாதைப் பரிசோதகர் விதாரண தண்டவாளத்தில் தள்ளும் ட்ரொலியில் வந்து இறங்கினார். மூக்கில் கைக்குட்டை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது என்னப்பா, பாதைப் புத்தகமா, சாவீட்டு ஒப்பாரியா?"

"பதினொண்டு இல்லை, மாத்தையா. இல்லாததை இல்லையெண்டுதானே எழுதவேணும்."

"வியாழக்கிழமை விசேஷ கோச்சி வருது. காலிக்குப் பாதை போட்டு நூறு வருஷம். மந்திரி, தூதுவர், அவங்கட நோனாமார் எல்லாரும் வாறாங்க. அவங்களைப் பத்து மைல் வேகத்தில ஊர்ந்து போகச் சொல்லுறியா?"

"போல்ட் தாங்கோ, இண்டைக்கே போட்டுடுறன். பெப்ரவரியில கேட்டது."

"ஸ்டோர்ஸில போல்ட் இல்லை. தார் இருக்கு, சுண்ணாம்பு இருக்கு." விதாரண குரலைத் தாழ்த்தினார். "புதன்கிழமை பின்னேரம் எனக்கு மேல இருக்கிற பெரியவர் ட்ரொலியில பாதை பார்க்க வருவார். ஓட்டை அவர் கண்ணில படக்கூடாது. கித்துள் கட்டை கறுப்பாத்தானே இருக்கும்?"

சரணேலிஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது துப்பினார்.

மறுநாள் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். சிலர் பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கூட வேலை செய்யும் பெஸ்தியானும் சரணேலிஸும் மீன்வாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கித்துள் என்ற பனையினத்தின் கறுப்புக் கட்டையைப் போல்ட் மாதிரிச் சீவினார்கள். பெஸ்தியான் ஆறு வயது இளையவன். அவரை 'அய்யே', அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்; அவருக்கு அவன் 'மல்லி', தம்பி.

"அய்யே, தலையை நல்லா உருட்டு. மந்திரிக்குப் பொய்ப்பல் இருக்குதெண்டா பாதைக்கும் இருக்கலாம்தானே?"

"வாயை மூடு, மல்லி. இது நாறுது."

"குடல் நாத்தம்."

"குடல் நாத்தம் எனக்குப் பழக்கம்."

பதினொன்றில் நான்கு கட்டைகளை அவரே சீவினார். இன்னும் நாலு மாதத்தில் ஓய்வூதியம். குவாட்டர்ஸை விட்டு எழும்பச் சொன்னால் போக வேறு இடம் இல்லை. அந்தக் கணக்கை நினைத்துத்தான் சீவினார். கட்டைகளைத் தன் கையால் ஓட்டையில் அடித்தபோது, கை தன்னுடையதில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

கட்டை அடித்த இடங்களில் மட்டும் தார் பூசினால் புதிதாகத் தெரியும் என்று விதாரண எல்லா இணைப்புகளுக்கும் பூசச் சொன்னார். முந்நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள். ஒவ்வொன்றிலும் நான்கு போல்ட்டுகள். போல்ட் இல்லாத இடங்களில் சரணேலிஸ் சோக்கட்டியால் போட்டிருந்த அடையாளங்களும் தாருக்குள் மறைந்தன. பெரியவர் ட்ரொலியில் வந்தார், பாதை அழகாக இருக்கிறது என்றார், போனார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விதாரண புத்தகத்தை நீட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கம் இருக்கவில்லை. புதிய பக்கத்தில் எழுத்து ஏற்கெனவே இருந்தது: எல்லா இணைப்புகளும் இறுக்கம், நாற்பது மைல் வேகத்துக்குத் தகுதி.

"கையெழுத்தைப் போடு."

"என்ர பக்கம் எங்க, மாத்தையா?"

"மை கொட்டுப்பட்டுப் போச்சு. போடு."

"தட்டிப் பார்த்துட்டுப் போடுறன்."

"எதைத் தட்டப்போறாய்? நீ அடிச்ச கட்டையையா?"

அவர் கையெழுத்துப் போடாமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினார். நல்ல போல்ட் மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது சொத்தென்று கேட்கும். முப்பத்தொரு வருடமாக அவருடைய காதுதான் இந்த ஒன்றரை மைலைக் காத்தது. இன்று எதைத் தட்டினாலும் சொத்தென்றே கேட்டது. தார் எல்லாவற்றின் வாயையும் அடைத்திருந்தது. கத்தியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போனார். எட்டரை மணிக்குள் எட்டுக் கட்டைகளைக் கண்டுபிடித்தார். அதில் ஒன்று காலைக் கோச்சியில் நசுங்கி, நார் நாராகத் தொங்கியது. அந்தக் கோச்சி போனது பத்து மைல் வேகத்தில்.

பெஸ்தியானிடம் ஓடினார். "மற்ற மூண்டும் எங்க?"

"நான் என்ன, எண்ணிக்கொண்டா அடிச்சனான்? ஒரே கறுப்பு, அய்யே. எங்களுக்கே தெரியேல்ல."

ஒன்பது மணிக்கு விதாரணவின் ஆட்கள் 'பத்து மைல்' என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடுங்கினார்கள். சரணேலிஸ் அதைப் பார்த்தார். பிறகு வடக்கே முக்கால் மைல் நடந்து, மூன்று வெடிகளையும் தண்டவாளத்தில் கட்டிவிட்டுத் திரும்பி வந்து, பாதை நடுவில் கொடியோடு நின்றார். வெடி வெடித்தால் சாரதி நிறுத்தியே ஆகவேண்டும். மந்திரி இருந்தாலும் அதுதான் சட்டம்.

பத்து இருபதுக்கு மூன்றும் வெடித்தன. பூமாலை போட்ட எஞ்சின், மீன்வாடிக்கு நேரே வந்து நின்றது. அந்த இடத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு இடம் வேண்டுமென்று யோசிக்கவுமில்லை.

ஜன்னல்களில் கைக்குட்டைகள் ஏறின. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"ஐயோ, இது என்ன நாத்தம்?"

"பாதி மீன்குடல். மிச்சம் கோச்சியில வாறவங்க விட்டுட்டுப் போறது, நோனா," என்றார் சரணேலிஸ்.

வழியில் ஏறியிருந்த விதாரண பின்பெட்டியிலிருந்து குதித்தார். குதித்த இடத்தில் சப்பாத்து வழுக்கியது. கீழே பார்க்காமல் கத்தினார்.

"குடிச்சிருக்கிறியாடா? கொடியை மடக்கு! புத்தகத்தில என்ன பிழை எழுதியிருக்கு? காட்டு!"

சரணேலிஸ் குனிந்து, பக்கத்து இணைப்பில் ஒரு தட்டுத் தட்டினார். கட்டை தெறித்துப்போய், மந்திரியோடு இறங்கி வந்திருந்த தூதுவரின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார், மந்திரியிடம் நீட்டினார். மந்திரி வாங்கிக்கொள்ளவில்லை. விரலில் தார் ஒட்டும்.

"இப்படி எட்டு இருக்கு," என்றார் சரணேலிஸ். "நாலு நான் சீவினது. இன்னும் மூண்டு எங்கையெண்டு எனக்கும் தெரியாது, இந்த மாத்தையாவுக்கும் தெரியாது."

சாரதி எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டான்: "இப்ப என்ன, அய்யே, பின்னுக்கு எடுக்கவா?"

"நான் முன்னுக்கு நடக்கிறன். பின்னால மெதுவா வா."

மிச்சமிருந்த பாதை முழுவதையும் அவர் கொடியோடு நடந்து கடந்தார். விசேஷ கோச்சி அவருக்குப் பின்னால், அவருடைய நடைக்கு வந்தது. காலியில் மேளம் அடிக்கிறவர்கள் ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை சரணேலிஸ் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். புத்தகத்தில் பிழை எதுவும் பதியப்படாத பாதையில் கோச்சியை மறித்தார் என்பது குற்றம். கட்டை சீவியதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. செப்டம்பர் ஆறாம் திகதி பன்னிரண்டு போல்ட்டுகள் வந்தன. நான்கு அளவு பொருந்தவில்லை. மூன்று கட்டைகள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.