இடது கைக்குழி

"இந்தக் கட்டிய முதல்ல கவனிச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டதும், தையல்காரரின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தவளைக் கை காட்டினாள். தையல்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த அறையில் இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்றில் மனைவி, இன்னொன்றில் ரெடிமேட்காரி. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் எடை பார்க்கும் மிஷினோரம் நின்றுகொண்டிருந்தார்.

ரெடிமேட்காரி என்பது அவர் வைத்த பெயர். மனைவி வேலை பார்க்கும் ரெடிமேட் கடையில் கூட நிற்பவள். தையல்காரன் பெண்டாட்டிக்கு ரெடிமேட் கடையில் வேலையா என்று தெருவே சிரித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். இவளைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவியின் வாயில் எப்போதும் இவள் பேச்சுதான். இப்போது மனைவி கடையின் புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்த இடத்தில், கட்டியையும் இவளே கண்டுபிடித்துத் தொலைத்திருக்கிறாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கையை வரைந்து, அக்குளில் புள்ளிகள் வைத்தார்.

"இதெல்லாம் நிணநீர் முடிச்சு. கையில புண்ணு வந்தா இங்கதான் நெறி கட்டும், வலிக்கும், புண்ணு ஆறினா வத்திடும். இவங்களுக்கு வலிக்கவும் இல்ல, வத்தவும் இல்ல. உடம்பு அரிப்பு, ராத்திரி வேர்வை, இளைப்பு எல்லாம் இதனாலதான். ஒரு முடிச்ச எடுத்துப் பரிசோதிச்சோம். ஹாட்ஜ்கின் லிம்போமா. அந்த முடிச்சுல ஆரம்பிக்கிற புற்றுநோய். பயப்படாதீங்க, மருந்துக்கு நல்லாக் கேக்குற வகை. நிறைய பேருக்கு முழுசா குணமாகுது. மிச்சக் கட்டிங்க வழிய அடைக்கிறதாலதான் கை லேசா வீங்கியிருக்கு."

புற்றுநோய் என்ற சொல் பயமுறுத்தியது நிஜம். ஆனால் அதற்கு முன்பே இன்னொன்று சுருக்கென்று தைத்துவிட்டது. பரிசோதித்தோமா? எப்போது? கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, வர நேரமாகும் என்று சொன்னாளே, அன்றைக்கா? கத்தி வைத்த அன்று கூட இருந்தது அவரில்லை, அவள்.

வெளியே வந்ததும் கேட்டே விட்டார். "ஊரான்கிட்ட எல்லாம் சொல்ற. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலையா?"

"சொன்னேனே. மூணு தடவ சொன்னேன், இடது பக்கம் இறுக்குதுன்னு."

ஆமாம், சொன்னாள். மூன்று தடவையும் அவர் ரவிக்கையின் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியில் கால் அங்குலம் தளர்த்திக் கொடுத்தார். ஏன் இறுக்குகிறது என்று பார்க்கவில்லை. எல்லாத் தையல்காரரையும் போல அவரும் வலது கைக்குத்தான் அளவெடுப்பார். துணியை மடித்துப் போட்டால் இரண்டு கைக்கும் ஒரே வெட்டு. இடது கை என்று ஒன்று தனியாக இருப்பதாக அவர் நினைத்ததே இல்லை.

முதல் மருந்து ஏற்றும் நாளுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டை வேண்டும் என்றார்கள். அவர் யாரிடமும் பேசாமல் உம்மென்று உட்கார்ந்து, பழைய நோட்டில் இருந்த அளவுக்கு மெல்லிய பருத்தியில் ஒன்று தைத்தார். ரெடிமேட்காரியும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். அன்று காலை மனைவி முதலில் எடுத்தது அதைத்தான்.

"இடது பக்கம் இறுக்குதுங்க."

அவருக்கு ஒரு நொடி குளுகுளுவென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

"ரெடிமேடுன்னா அப்படித்தான் இருக்கும். இதப் போடு."

அவருடைய சட்டையில் வலது கை சுகமாக நுழைந்தது. இடது கை முழங்கைக்கு மேல் தயங்கித் தயங்கி ஏறி, அக்குளில் போய் நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் அவர் கை தையல் பிரிக்கும் கத்தியைத் தேடி எடுத்தது.

வாசலில் ஹாரன் சத்தம், கூடவே ரெடிமேட்காரியின் குரல். "அக்கா, வண்டி வந்துடுச்சு! அண்ணே, அவங்கள அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்!"

'நான் பாத்துக்கறேன்.' வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கே ஒரு வாரம் பேசியிருக்கமாட்டார். இன்று கத்தியை மேஜையில் வைத்தார்.

"கையத் தூக்கு."

"நேரமாச்சுங்க."

"தூக்கு."

தூக்கினாள். சட்டையை மெல்ல உருவி எடுத்துவிட்டு, டேப்பைத் தொடாமல், வெறும் விரல்களை வைத்தார். ரப்பர் குண்டுகள் போல மூன்றோ நாலோ, வலியில்லாமல் நகர்ந்தன. அவற்றுக்குக் கீழே, வேறு யாரோ போட்ட ஐந்து தையலின் தடம். இடைவெளி பிசகாத, சுத்தமான வேலை.

மறுபடியும் ஹாரன் அடித்தது. அவர் விரலை எடுக்கவில்லை. மனைவியும் கையை இறக்கவில்லை.