இத்தெலின் வயலில் இல்லாத சுவர்

பதினோரு வாரம் மழை பெய்யாத அந்தக் கோடையில், லின் தீபகற்பத்தில் விவசாயி இத்தெலின் ஆடுகள், இல்லாத ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கின. அந்த இடம்தான் மலைச்சரிவில் அவருக்கு இருந்த ஒரே சமதரை. நூற்றிருபது ஆடுகளும் வரிசையாக வந்து, வெறும் புல்லில் வட்டமாக வளைந்து, தென்கிழக்கே ஒரே இடத்தில் நுழைந்து, அதே வழியாக வெளியே வந்தன. மறுவாரம் புல்லும் அதை ஒத்துக்கொண்டது. அடியில் கல் இருந்த இடமெல்லாம் காய்ந்து வெளுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு கட்டிய வட்ட வீடு ஒன்றின் சுவர்க்கோடு, வாசலுக்கு விட்ட இடைவெளியோடு, பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் வறட்சிக்கு வறட்சி இப்படி வீடுகள் தலைகாட்டும். தொல்லியல்காரர்கள் விமானத்தில் வந்து படம் பிடித்துப் போவார்கள். யாரும் அதிசயப்படுவதில்லை. இத்தெலுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம், ஒரே மகள் ஹெலெத். ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் கோடைக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் வாங்கிப் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் பத்து வீட்டில் எட்டு பூட்டியே கிடக்கும். பிறந்த ஊரில் தங்க இடம் கிடைக்காமல், அவளும் கணவனும் தூரத்து நகரமான கார்டிஃபில் ஓர் அறையில் இருந்தார்கள். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்தச் சமதரையில் வீடு கட்டிக்கொடுக்க இத்தெல் நாலு வருடம் அலைந்து அனுமதி வாங்கியிருந்தார். பழைய வீடு இருப்பது தெரிந்தால் நினைவுச்சின்னம் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் ஒரு செங்கல் வைக்க முடியாது. பேரப்பிள்ளை வேறு ஊரில், வேறு மொழி பேசி வளரும்.

ஆகவே விமானம் வருமுன் வெளுத்த கோட்டின் மேல் ஆட்டெருவைக் கூடைகூடையாகக் கொட்டித் தண்ணீர் விட்டார். எரு போட்டால் புல் என்ன செய்யும் என்பது நாற்பது வருட விவசாயிக்குத் தோன்றவில்லை, பயம் அப்படி. பத்தே நாளில், ஊரெல்லாம் மஞ்சளாகக் கிடக்க, வட்டம் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பக்கத்துப் பண்ணை மெரெடித் வேலிமேல் சாய்ந்துகொண்டு, “என்ன இத்தெல், விமானத்துல வர்றவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு வட்டம் போட்டுக் காட்டுறியா?” என்றார்.

தொல்லியல் அதிகாரி டெக்வென் வந்தார். அவருடைய அளவுநாடா நாலு இடத்தில் காற்றில் முட்டி மடங்கியது, அதையும் குறித்துக்கொண்டார். நல்ல பெண். மனமில்லாமல்தான் சொன்னார்.

“மன்னிச்சிருங்க. இனி இங்க எதுவும் கட்டக் கூடாது.”

“செத்தவங்களுக்கு எடம் இருக்கு. பொறக்கப்போற புள்ளைக்கு இல்ல. அதானே?” என்றார் இத்தெல். டெக்வென் அளவுநாடாவைச் சுருட்டினார்.

மகளிடம் சொல்ல இத்தெலுக்கு வாய் வரவில்லை. செப்டம்பரில் மழை பிடித்த அன்று அவளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர் சொல்லி அழுததைக் கேட்டுக்கொண்டே வயலுக்கு நடந்தவள், வாசல் வழியாக உள்ளே போய் நடுவில் நின்றாள்.

“அப்பா, இங்க நனையல.”

மழை அவள் தலைக்கு மேலே எதிலோ விழுந்து, சரிந்து, வட்டத்துக்கு வெளியே வடிந்தது. நடுவில் தரை சூடாக இருந்தது. யாரோ தணலைச் சாம்பலால் மூடிவைத்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருந்தார்கள்.

அந்த வாரமே கணவன் கட்டிலையும் தொட்டிலையும் ஏற்றிக்கொண்டு வந்து வட்டத்துக்குள் போட்டான். அக்டோபரில் டெக்வென் மறுபடி வந்து, சட்டத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். யாரும் எதையும் கட்டவில்லை, தோண்டவில்லை. அறிக்கையில், ‘குடியிருப்பு. இடையில் காலியாக இருந்தது சுமார் ஆயிரத்து அறுநூறு வருடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. இத்தெல் மட்டும் உள்ளே போகவில்லை. எருவைக் கொட்டி அழிக்கப் பார்த்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவது என்று ஒருவாரம் வாசலிலேயே நின்றார்.

“எத்தனை நாளைக்கு நிப்பீங்க? தலையக் குனிஞ்சு வாங்கப்பா, நிலை தாழ்வு.”

குனிந்து நுழைந்தார். குழந்தை சிணுங்கியது. அவர் பதறிக்கொண்டு தொட்டிலுக்குப் போவதற்குள், பக்கத்தில் யாருமில்லாமலே அது மெல்ல ஆடத் தொடங்கியது.

“அவங்க பாத்துக்குவாங்க. நீங்க உக்காருங்க,” என்றாள் ஹெலெத்.

இத்தெல் தொப்பியைக் கழற்றி, தொட்டில் பக்கம் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.