தலைவர் வாசித்த கடிதம்

கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் லண்டன் பழைய மாணவர் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானம் போட்டுவிடும். தொண்ணூறு உறுப்பினர், முப்பத்தொரு பதவி, ஒரு கொடி. அந்த முப்பத்தொன்றின் உச்சியில் ஆறு வருடமாக அசையாமல் இருந்தவர் கோலியர்ஸ் வுட்டில் கடை வைத்திருக்கும் யோகராஜா.

2006இல் அவரை எதிர்த்துச் செபமாலைமுத்து தேர்தலில் நின்றார். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் யோகராஜாவுக்கு ஐந்து வாக்குக் குறைந்தது. பதவி போனால் ஆண்டு விருந்தில் முன்வரிசை இல்லை, மாலை இல்லை, கடைக்கு வருகிறவர்கள் ‘தலைவர்’ என்று கூப்பிடவும் போவதில்லை. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, லண்டனின் மிட்சம் பகுதியில் இருந்த சண்முகராசா காலமானார். அவருடைய தம்பிமார், மைத்துனர்மார் என்று ஏழு பேர் சங்க உறுப்பினர்கள். செய்தி கேட்ட யோகராஜா “அடடா” என்றார். அடுத்த மூச்சில் “ஏழு” என்றார்.

உடனே துண்டுப்பிரசுரம் அச்சாகியது: ‘எமது கல்லூரி ஈன்ற தவப்புதல்வன்!’ செத்தவீட்டன்று கறுப்புக் கோட்டோடு, கக்கத்தில் சங்கக் கொடியோடு முதல் ஆளாக வந்து நின்றார். கொடியைச் சவப்பெட்டிக்குள் உடலின் மேல் காலில் இருந்து போர்த்திக்கொண்டு வந்தவரின் கை நெஞ்சடியில் தட்டுப்பட்டு நின்றது. அங்கே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கடிதம் இருந்தது. தலைப்பில் கல்லூரிச் சின்னம்.

“தம்பி, இவர் உங்கட சங்கத்திலை சேர்ந்த நேரம் வந்த கடிதம்,” என்றார் சண்முகராசாவின் மனைவி வசந்தமலர். “நாலு வருசமா வீட்டு ஹோலிலை மாட்டி வைச்சிருந்தவர். விருந்துக்குத்தான் ஒருநாளும் போகக் கிடைக்கேல்லை, எப்பவும் ஷிப்ட். எனக்கு இங்கிலீசு வாசிக்க ஏலாது. சனம் கேக்க ஒருக்கா வாசிச்சு விடுங்கோ.”

யோகராஜா மைக்கைப் பிடித்துக்கொண்டு கடிதத்தைப் பார்த்தார். எட்டாம் வகுப்போடு கல்லூரியை விட்டு விலகியவரை உறுப்பினராகச் சேர்க்க யாப்பு விதிகளில் இடமில்லை, இனி விண்ணப்பித்துச் சங்கத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. கீழே யானை வால்போல நீண்ட கையெழுத்து. அவருடையதேதான். தம்பிமாரைப் படிப்பிக்கத் தன் படிப்பை விட்ட மனிதருக்கு அனுப்பிய கடிதம் அது. அனுப்பியது அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

மண்டபம் காத்திருந்தது. செபமாலைமுத்து கழுத்தை நீட்டி எட்டிப்பார்த்தார்.

“பெருமதிப்புக்குரிய சண்முகராசா அவர்களே,” என்று தொடங்கினார் தலைவர். “தங்களை எமது சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினராக ஏற்றுக்கொள்வதில் கல்லூரி பெருமை அடைகிறது.” மேடையில் பழகிய வாய், தடங்கல் இல்லாமல் ஓடியது. வசந்தமலர் வாய்விட்டு அழுதார். தம்பிமார் கண்ணைத் துடைத்தார்கள். ஏழும் மடியில் விழுந்துவிட்டது என்று யோகராஜாவுக்கு உடம்பே லேசானது.

மைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினால், சண்முகராசாவின் மகள் சுவர்ணா பக்கத்தில் நின்றாள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள்.

“அங்கிள், அந்த ஃபிரேமை நான்தான் வாங்கிக் குடுத்தனான்,” என்றாள் மெதுவாக. “எனக்கு இங்கிலீசு வாசிக்க ஏலும்.”

யோகராஜா கண்ணாடிச் சட்டத்தை எழுத்துப் பக்கம் உள்ளே போகத் திருப்பிப் பிடித்தார்.

“அப்பாவுக்கும் ஏலும். அம்மாட்டைப் பொய் சொன்னவர். காலேஜ் சின்னத்துக்குக் கீழை தன்ரை பேர் இருக்கிற ஒரே பேப்பர் எண்டு என்னட்டைச் சொன்னவர். இப்ப நீங்கள் வாசிச்சதை எழுதித் தாங்கோ. உங்கட லெட்டர்ஹெட்டிலை, சைனோட. அதைத்தான் அப்பாவோட அனுப்பப்போறன்.”

“பிள்ளை, கமிட்டி கூடாமல் அப்பிடிச் செய்ய ஏலாது…”

“அப்ப மைக்கைத் தாங்கோ.”

சங்கத்தின் லெட்டர்ஹெட் எப்போதும் அவருடைய காரில்தான் இருக்கும். ஓடிப்போய் எடுத்துவந்தார். எழுத மேசை இல்லை. பெட்டியின் விளிம்பில் தாளை வைத்து, சண்முகராசாவின் முகத்துக்கு நேரே குனிந்து, வாசித்ததையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதினார். விளிம்பு ஒடுக்கமாக இருந்ததில் கையெழுத்தின் யானை வால் கோணலாகப் போனது.

“திகதி என்ன போடுறது?” என்று கேட்டார்.

சுவர்ணா தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா உயிரோட இருந்த ஒரு திகதியாப் பாத்துப் போடுங்கோ.”