கோடா, புள்ளியா

என் வேலை கண்ணாடிக் கலத்தில். என் கணவருடைய வேலை கணினியில். ஒரே சோதனைக்கூடம், ஒரே ஆராய்ச்சி. சில ரசாயனங்களை ஒரு மெல்லிய கூழ்ப் படலத்தில் ஊறவிட்டால், யாரும் வரையாமலே அதில் வடிவங்கள் எழும், மஞ்சளில் கருநீலமாக. அவர் கணக்குப்படி புள்ளிகள் வரவேண்டும். என் கலத்தில் வந்ததோ கோடுகள். எட்டு மாதமாக இதே பல்லவி. கூடத்தில் எங்கள் பெயரே கோடு, புள்ளி என்றாகிவிட்டது. வீட்டில் இந்தப் பேச்சே கூடாது என்று உடன்பாடு. மீறுவது பெரும்பாலும் நான்தான்.

இந்தக் கலவையில் இதுவரை யாருக்கும் கோடு வந்ததில்லை. எனக்கு வந்த கோடுகளை நம்பித்தான் பேராசிரியர் என் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டுவதாக இருந்தார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். கோடு போனால் வேலையும் போகும்.

அன்று காலை கலத்தைப் பார்த்தேன். கோடுகள் இருந்தன, ஆனால் சாய்ந்திருந்தன.

கேமராவில் அளவைச் சரிசெய்ய, கலத்தின் மேல்கண்ணாடியில் அரை மில்லிமீட்டர் கோடுகள் அச்சிட்ட ஃபிலிம் துண்டு ஒன்றை ஒட்டுவது என் வழக்கம். கடைசி நேரத்தில் இன்னொரு முறை சரிபார்க்க வசதியாக இருக்கும் என்று அப்படியே விட்டுவைத்து, படம் எடுக்கும்போதுதான் உரிப்பேன். நேற்று பழைய துண்டை மாற்றியபோது கோணலாக ஒட்டியிருக்கிறேன். என் கோடுகளும் அதே கோணத்தில் சாய்ந்திருந்தன.

இந்த ரசாயனத்தில் வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கும். எனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். மேலே விளக்கு, நடுவில் ஃபிலிம், அடியில் அதன் நிழல். புள்ளிகள் தாமாக விட்டுக்கொள்ளும் இடைவெளியும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நிழல் இழுத்த பக்கம் புள்ளிகள் சேர்ந்து வரிசை கட்டிவிட்டன. எட்டு மாதமாக என் அளவுகோலையே அளந்துவிட்டு, என்ன துல்லியம் என்று பூரித்துப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஃபிலிமை உரித்து எறிந்துவிட்டு, புதுக் கலவையை ஓட்டினேன். பன்னிரண்டரைக்குள் புள்ளிகள் வந்துவிட்டன. அழகாகவே இருந்தன, சனியன்கள்.

யாரும் பார்க்கவில்லை. நேராக ஒட்டினால் கோடும் நேராக வரும், கேட்க ஆளில்லை. பொய் சொல்வானேன், அந்த எண்ணத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கணவர் மேஜைக்குப் போனேன்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க. புள்ளிதான். நான் பாத்த கோடெல்லாம் ஃபிலிமோட நிழல்."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகமோ பேயறைந்தது போல் ஆயிற்று. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கோடு கோடாக இருந்தது.

"என்னங்க இது?"

"நேத்து கணக்குல ரெண்டு நம்பரை மாத்தினேன். கோடு வந்துச்சு. சாருக்கும் அனுப்பிட்டேன்."

"எதை வெச்சு மாத்துனீங்க?"

"எதையும் வெச்சு இல்ல. நீ எட்டு மாசமா கோடுதான்னு ஒத்தக்கால்ல நின்ன. உன் வேலையும் போயிடக் கூடாது. அதான், வளைச்சேன்."

"கோடு போட்டா ரோடே போட்டுட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"நான் தெரியாம பண்ணேன். நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

அந்த "ஆமா"வில் என் கோபம் அடங்கிவிட்டது. ஒரு தசமத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்காக அதைத் தப்பாக்கியிருக்கிறார். அவரை வளைத்தது என் பிடிவாதம். அது என் வேலை போவதைவிட அதிகமாக வலித்தது.

நான்கு மணிக்கு இருவரும் சேர்ந்தே போனோம். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். என் நீட்டிப்புப் படிவம் மேஜைமேல் இருந்தது, கையெழுத்தோடு.

"கடைசியில கணக்கும் சோதனையும் ஒத்துப்போயிடுச்சு. இப்பதான் நிம்மதியா போட்டேன்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "சார், நான் அனுப்பினது பொய்க் கணக்கு. நம்பரை நானே மாத்தினேன்."

"அவர் பழைய கணக்குதான் சார் சரி," என்றேன். "கோடு என் தப்பு."

ஃபிலிம் கதையைச் சொல்லி முடித்தேன். பேராசிரியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்தின் மேல் கோடு கிழித்து அடித்தார். மேஜைக்கு அடியில் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை.