பேச்சு வரும் பெட்டி

விஜிதரன் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியாகக் குனிந்து, பலாப்பழம் பார்க்கிறவரைப் போல விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். கடையைப் பார்த்துக்கொள்ளும் கிஷாந்த் கையில் வயர்க்கட்டோடு அவர் பின்னால் நடந்தான். அவனுக்கும் பின்னால் லக்ஸ்மன், அண்ணன் தட்டிய பெட்டியைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தபடி. சாமான் வாங்க வந்தவள் லக்ஸ்மனின் மனைவி வினோதா. அவள் வாசலோரம் கரண்ட் சோற்றுச் சட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் எதன் மீதும் விழாதபடி ஒதுங்கி நின்றாள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் முழுக்கக் கடைக்குள் வந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு பெரிய ரூம்ணே?" என்று கிஷாந்த் விஜிதரனிடம் கேட்டான்.

"ரூம் என்னா ரூம். போட்டா நாலு வீட்டுக்குக் கேக்கணும்."

"நாலு வீட்டுக்கு வேணாம். எங்க வீட்டுக்குக் கேட்டா போதும்," என்றாள் வினோதா. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சொல்லலாமா என்று யோசித்தாள். திரும்பச் சொன்னால் அது சண்டை போலக் கேட்கும் என்று தோன்றியது.

விஜிதரன் லக்ஸ்மனின் மூத்த அண்ணன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், சாவு வீடு, தொழிற்சங்கக் கூட்டம் எதுவானாலும் அவருடைய சவுண்ட் செட்டுதான். மரக்கிளையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பக்கத்து மலைத் தோட்டத்துக்குக் கேட்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்க்கிறவர். ஆகவே ஸ்பீக்கர் வாங்குவதென்று பேச்சு வந்ததும் அவரைக் கேட்காமல் வாங்குவது நடக்காத காரியமாகிவிட்டது. அது மட்டுமல்ல. வினோதா குவைத்தில் வீட்டுவேலையில் இருந்த வருஷங்களில், அவர்களுக்குக் கிடைத்த தனிவீட்டுக் காணியில் நின்று வீட்டைக் கட்டி முடித்தவரும் அவர்தான். லக்ஸ்மன் தொழிற்சாலை லொறி ஓட்டப் போய்விடுவான். சீமெந்து இறக்கியது, மேசன் பாஸை விரட்டி வேலை வாங்கியது, மகள் தனுஷிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் விஜிதரன். "அவரு இல்லாட்டி இந்த வீடு எழும்பியிருக்குமா?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் திரும்பி வந்து அந்த வீட்டுக்குள் காலை வைத்த அன்று வினோதா கண்டது, எல்லாமே முடிவாகிவிட்ட ஒரு வீட்டை. குசினி ஜன்னலைத் திறந்தால் மண்கரை. ஹோல் சுவருக்குக் கரும்பச்சை. விளக்கு சுவிட்ச் கதவுக்குப் பின்னால். அரிசி வாளி இருக்கும் இடத்தைக்கூட மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். சம்பளத்தை அனுப்பியவள் அவள், ஆனாலும் ஒரு விருந்தாளியைப் போலத்தான் முதல் மாதம் போயிற்று.

குவைத்து வீட்டில் படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. திரைக்குக் கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின்சுவரில் இரண்டு என்று ஸ்பீக்கர்கள். மூலையில் தரையோடு ஒரு கறுத்த பெட்டி. காலையில் காய்ந்த துணியால் அவற்றைத் துடைப்பது வினோதாவின் வேலை. எதையும் அமுக்கக்கூடாது. மாலையில் வீட்டார் உள்ளே போய்க் கனத்த கதவைச் சாத்திக்கொண்டால் குசினிக்கு வருவது வெறும் அதிர்வு மட்டும். உள்ளே யாரோ இடிக்கிறார்கள், ஏன் இடிக்கிறார்கள் என்று தெரியாது. ஒருநாள் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போனபோது, பின்னால் ஒரு பொம்பளை செருப்போடு நடந்து வந்தாள். வினோதா தட்டை ஒதுக்கித் திரும்பிப் பார்த்தாள். வெறும் சுவர். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் காலடி எங்கே போயிருக்கும், அந்தப் பொம்பளை யாரைத் தேடி வந்தாள் என்ற நினைப்பு விடவில்லை. நம்ம வீட்டில் ஒருநாள் முழுப் படத்தையும் நடுவில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அப்போது நினைத்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இவ்வளவுதானா என்பார்கள்.

கிஷாந்த் ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபையரை எடுத்து மேசையில் வைத்தான். யாரோ பாவித்த பழசுதான், ஆனால் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் சின்னச் சின்னதாக ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூபரையும் அடுக்கினான். "சின்ன ஹோலுக்கு இது காணும்ணே. வோட்ஸ் கூடின பொக்ஸ் வாங்கி அந்த எடத்துல போட்டா சத்தம் சுவத்துல பட்டுப் பட்டுக் கொளம்பும். இந்தா, இது நடுவுக்கு. படத்துல பேச்செல்லாம் இதுலதான் வரும்."

"அது என்னாத்துக்கு? ரெண்டு பக்கமும் பேச்சு வருதுதானே. பொம்ம மாரி இருக்கு," என்ற விஜிதரன், ஓர் ஆள் உயரப் பெட்டியைக் காட்டி அதைப் போடச் சொன்னார். பாட்டுப் போட்டதும் சோற்றுச் சட்டிகளின் மூடிகள் கிணுகிணுத்தன. லக்ஸ்மன் தலையை ஆட்டினான். "பேஸ் நல்லா இருக்குதானேண்ணே," என்றான். சின்னதைப் போட்டபோது விஜிதரன் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். லக்ஸ்மன் அவர் பேசி முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். வினோதாவுக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வந்தது ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. இருந்தாலும் மேசைக்குப் பக்கத்தில் வந்து, நடுவுக்கு என்று சொன்ன அந்த நீளப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"எனக்கு இதுதான் வேணும்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். விஜிதரன் சிரித்தார். "சரி, எடுத்துக்க. நீ ஆசப்பட்டு எடுக்கிற. நாளைக்குச் சத்தம் பத்தலன்னு என்கிட்ட வரக்கூடாது."

கட்டும்போது கிஷாந்த் கனத்த இரும்புப் பெட்டி ஒன்றையும் தனி அட்டைப்பெட்டியில் வைத்துத் தந்தான். இது ஜப்பான் கரண்ட்டுக்குச் செய்த சாமான், நூறு வோல்ட்தான் தாங்கும், இந்த டிரான்ஸ்போமரில் குத்தித்தான் போட வேண்டும், நேரே சுவர்ப் பிளக்கில் குத்தக்கூடாது என்றான். விஜிதரன் அப்போது வெளியே ஓட்டோ பிடிக்கப் போயிருந்தார். லக்ஸ்மன் சரி சரி என்றான். வினோதா அதை இரண்டு முறை கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விஜிதரன் மனைவி ஜெயந்தினியோடு வந்தார். பக்கத்து வீட்டு வீரம்மாவும் பிள்ளைகளும் வந்தார்கள். இருந்த நாற்காலிகள் நிரம்பின. தனுஷிகா பெரியப்பாவுக்கு வயர் எடுத்துக் கொடுத்தாள். அவர் பின் ஸ்பீக்கர் இரண்டையும் முன்னால் கொண்டுபோய் டீவிக்கு மேலே வைத்தார். "ஆளுக்குப் பின்னால எவனாவது பொட்டி வைப்பானா?" வினோதா குசினியிலிருந்து வந்து, பின்னால்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தவர்களுக்கு முன்னால் எதற்கு என்று நிறுத்தினாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டிரான்ஸ்போமர் அட்டை திறக்கப்படாமல் மேசைக்குக் கீழே கிடந்ததைக் கண்டபோது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா, அந்தப் பொட்டியில குத்தித்தான் கரண்ட் குடுக்கணும்னு கடையில சொன்னாங்க."

"அது கரண்ட் ஏறி எறங்குற எடத்துக்குத் தர்றது. நம்ம லைன்ல கரண்ட் ஒழுங்கா இருக்கு."

"இல்லிங்க மாமா, இது ஜப்பான்..."

"வினோதா," என்றான் லக்ஸ்மன். "அண்ணனுக்குத் தெரியாதா? நீ போய்த் தேத்தண்ணி ஊத்து."

அவள் போனாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தேயிலையைப் போடக் கரண்டியை எடுத்தபோது ஹோலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் கருகும் நாற்றம்தான் முதலில் வந்தது. ஓடி வந்து பார்த்தபோது ஆம்ப்ளிஃபையரின் மேல்துளைகளிலிருந்து சாம்பிராணி போடுவது மாதிரி மெல்லியதாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. வீரம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். விஜிதரன் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நான் சொன்னேன்தானே," என்றாள் வினோதா.

அவள் கத்தவில்லை. ஆனால் ஹோலில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். விஜிதரன் பிளக்கை மெதுவாக நாற்காலியில் வைத்தார். "பழைய சாமான் இப்பிடித்தான். உள்ளுக்கு என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். "ஆமா, பாவிச்ச சாமான வாங்கினா வேற என்னா நடக்கும்?" என்று ஜெயந்தினி சொன்னாள். இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள்.

லக்ஸ்மன் குசினிக்கு வந்தான். "அத்தன பேருக்கு முன்னால அவரு மொகத்துல அடிச்ச மாரி சொல்லிட்டியே."

"நான் என்னாங்க சொன்னேன்? முன்னாலயே சொன்னேன்னு சொன்னேன். நீங்களும் கடையில நின்னீங்கதானே. ஒங்களுக்கும் சொன்னாங்கதானே."

"எனக்கு நெனவு இல்ல," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் கூடுதலாக எரிச்சல் மூட்டியது. அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது வேறு யார் பேசுவதும் அவன் காதில் ஏறுவதில்லை. அடுப்பில் கொதித்த தண்ணீர் பாதியாக வற்றிவிட்டிருந்தது. அதை அப்படியே வாளியில் கொட்டினாள். பாத்திரங்களைக் கழுவும்போது தனுஷிகா கதவருகே வந்து நின்றாள்.

"பெரியப்பா பாவம்மா. நீங்க இல்லாத நேரம் அவருதான் எல்லாம் பாத்தாரு."

"நான் இல்லாத நேரம்," என்று வினோதா ஆரம்பித்தாள். பீங்கானைக் கழுவி முடித்துவிட்டுப் பார்த்தபோது மகள் அங்கே இல்லை.

அடுத்த நாளே விஜிதரன் ஆள் விட்டுத் தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு பெரிய பெட்டிகளையும் அனுப்பிவைத்தார். மனத்தாங்கல் இல்லை என்பதற்கு அடையாளமாக. திருவிழாக்களில் மழை பட்டு மூலைகள் ஊதியிருந்த பெட்டிகள். அவை ஹோலில் பாதியை அடைத்துக்கொண்டன. லக்ஸ்மன் செய்தி போட்டான். வாசிக்கிறவர் கிணற்றுக்குள் நின்று வாசிப்பது போலிருந்தது, தகரக்கூரை அதோடு சேர்ந்து உறுமியது. "பாத்தியா அண்ணனோட மனச," என்றான் அவன். ஐந்து சின்ன ஸ்பீக்கரும் சப்வூபரும் கட்டிலுக்கு அடியில் போயின. ஒரு வாரம் வினோதா அந்தப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டினாள். துடைத்தாள். எட்டாவது நாளோ என்னவோ, துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கையில் பார்த்தவள், அதைப் பெட்டியின் மேலேயே போட்டுவிட்டு அறைக்குள் போனாள். கருகிய ஆம்ப்ளிஃபையரைப் பெட்ஷீட்டில் சுற்றி, அரிசி பேக்கில் இறக்கி, ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே வரலியாக்கா?" என்று கேட்டான் கிஷாந்த்.

"இல்ல. நான்தான் வந்தேன்."

அவன் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்க்கத் தேவையே இல்லை, நாற்றமே சொல்லியது. நேரே குத்திவிட்டார்களா என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். குத்தியது யார் என்று அவன் கேட்காதது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கொழும்பில் சாமான் கிடைத்தால் செய்யலாம், கிடைக்குமென்று சொல்ல முடியாது, வைத்துவிட்டுப் போங்கள் என்றான். அவள் போகாமல் நின்றாள். அன்று காட்டிய அதே மாதிரி ஸ்பீக்கர் செட் இன்னொன்று, வேறொரு ஆம்ப்ளிஃபையரோடு சுவரோரம் வயர் கொடுத்துப் பூட்டி இருந்தது.

"தம்பி, அன்னைக்கு நீங்க இத போட்டுக் காட்டுனப்ப எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் கேக்கவே இல்ல. ஒருக்கா போடுவீங்களா?"

அவன் கடையில் வேறு ஆளில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்தான். வைத்த இடம் சரியில்லை என்று கொஞ்சம் பின்னால் தள்ளினான். பென்டிரைவில் ஏதோ படம். ரயில்வே ஸ்டேஷன் வாங்குப் பலகையில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் கண்டி, நாவலப்பிட்டி என்று பஸ்காரர்கள் கூவுவது படத்துக்கு மேலே ஏறிக் கேட்டது. வினோதா முகத்தைச் சுளித்தாள்.

"அந்த ஷட்டர எறக்கலாமா?"

"முழுசா எறக்கினா மொதலாளி ஏசுவாருக்கா. பாதி எறக்குறேன்."

தகரம் கரகரவென்று இறங்கி முழங்கால் உயரத்தில் நின்றது. கடை இருட்டியது. தெருச் சத்தம் தூரப் போயிற்று. கிஷாந்த் படத்தை முதலிலிருந்து போட்டுவிட்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். ஸ்டேஷனில் எங்கோ வலப்பக்கத்தில் தண்ணீர் சொட்டியது. அந்தப் பெண் பேச ஆரம்பிக்கும் முன் எச்சில் விழுங்குவது கேட்டது. பிறகு பேச்சு வந்தது, நேரே எதிரே உட்கார்ந்து ஒருத்தி தன்னிடம் சொல்வது போல, ஒரு சொல்கூடச் சிதறாமல். அந்தப் பெண் எதையோ வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னாள். வினோதா கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

ஷட்டருக்குக் கீழே ஈரத் தரையில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடச் சப்பாத்துகள், மலைச்சேறு அப்பிய பூட்ஸ், றப்பர் செருப்புகள். அதில் ஒரு சோடிச் செருப்பு கடைப்பக்கம் திரும்பி நின்றது. தகரத்தில் யாரோ விரலால் தட்டினார்கள். கிஷாந்த் எழுந்தான். வினோதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளங்கையை மட்டும் அவன் பக்கம் தூக்கிக் காட்டினாள். அவன் அப்படியே நின்றான். வெளியே அந்தக் கால்கள் ஒன்றை மாற்றி ஒன்றில் பாரம் போட்டுக்கொண்டு நின்றன. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் இரண்டு செருப்புக்கும் நடுவில் தேங்கிக்கொண்டிருந்தது.