முனியப்பன் கையில் இருந்த சாட்சி

செங்கோடனின் இடக்காலைக் கொண்டுபோனது ஒரு முழ நீளமுள்ள இரும்புக் கம்பி. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் தங்கசாமியின் மோட்டார் பஸ், செங்கோடன் ஊர் ஏரிக்கரைத் திருப்பத்தில் திரும்பாமல் நேரே சென்று பள்ளத்தில் கவிழ்ந்தது. முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பி நடுவழியில் ஒடிந்திருந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கப் புதிய தோல்பறி ஒன்றைச் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி, மடியில் அணைத்தபடி வந்துகொண்டிருந்தான் செங்கோடன். வண்டி அவன்மேல் சாய்ந்தது. பறியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கவலை ஓட்டுகிறவனுக்குக் கால்தானே கைம்முதல்? மாடுகளோடு சரிவில் இறங்கி, மறுபடியும் அவற்றைப் பின்னுக்கு நடத்தி மேட்டில் ஏற்றி, விடிந்தது முதல் உச்சிவேளை வரை ஓயாமல் நடக்கிற தொழில். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாதவனுக்கு எந்தத் தோட்டத்தில் இடமுண்டு?

அலறல் கேட்டு ஏரிக்கரைக்கு ஓடிய அவன் மனைவி பொன்னாத்தாள், கணவனைக் கட்டை வண்டியில் ஏற்றிய பிறகு, அவன் கிடந்த இடத்திலேயே கிடந்த அந்த இரண்டு இரும்புத் துண்டுகளையும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்து சொன்னவர் நாமக்கல் வக்கீல் சண்முகவேல். கம்பி ஒடிந்த முனையைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார். பாதி துருவேறிக் கறுத்திருந்தது. பாதி புதிதாகப் பளபளத்தது. முன்பே ஒருமுறை ஒடிந்த கம்பிக்கு உலையில் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள், அந்த ஒட்டும் பாதி விட்ட பிறகும் ஓட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினார்.

"வேறு சாட்சி உங்களுக்குக் கிடைக்காது அம்மா. இதைக் கண்போலக் காப்பாற்றுங்கள்" என்றார்.

அவர் சொன்னது மெய். அன்று பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த சந்தைக்கு அதே முதலாளியின் பஸ்ஸில் ஏற வேண்டியவர்கள். கோர்ட்டில் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. நட்டஈடு கிடைத்தால் நல்ல எருமையாக நாலு வாங்கலாம், செங்கோடன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பால் கறந்து பிழைக்கலாம் என்று பொன்னாத்தாள் கட்டிய கோட்டைக்கு அந்த இரும்பு ஒன்றே அஸ்திவாரம்.

புண் ஆறாமல் செங்கோடனுக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில், முனியப்பன் கோயில் பூசாரி மாதையன் தானாகவே நலம் விசாரிக்க வந்தார். தங்கசாமியின் பஸ்ஸில் முன் இருக்கையில் சீட்டு வாங்காமல் போய்வருகிறவர் அவர். திருநீற்றைப் பூசிவிட்டு மூலையில் கிடந்த இரும்பு மூட்டையைப் பார்த்தார்.

"ரத்தங் குடிச்ச இரும்ப ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறயே அம்முணி. அது மிச்சக் காலையும் கேக்குது. வேலா அடிச்சு முனியப்பங்கிட்டக் குடுத்துரு. காச்சலு தன்னால எறங்கும்."

செங்கோடன் படுக்கையிலிருந்தே முனகினான். "காலுதான் போயிருச்சு. அந்த இரும்பையாச்சும் உடுங்க பூசாரி."

பொன்னாத்தாளை அச்சம் மட்டும் ஆட்டவில்லை; அவள் ஒரு கணக்கும் போட்டாள். அவள் களையெடுக்கப் போயிருந்த ஒரு பகலில் யாரோ வீட்டுக் கூரையோலையைப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். குடிசையில் இருக்கும் இரும்பைக் கள்ளன் எடுப்பான். முனியப்பன் முன் நட்ட வேலைத் தொட இந்தச் சீமையில் எவனுக்குத் துணிவு உண்டு? கோயிலைவிடக் காவலான இடம் எது? இரும்பு அதே இரும்புதானே, ஊரறிய நிற்கட்டும், நீதிபதி வந்து பார்க்கட்டும் என்று எண்ணினாள். படித்தவர்கள் இதைப் பேதைமை என்பார்கள். அந்தப் பேதைமையைத் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்தவர்கள் யார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

கொல்லன் இரண்டு துண்டுகளையும் உலையிலிட்டு, பழுக்கக் காய்ச்சி, ஒன்றாக வைத்து அடித்தான். கறுத்த பாதியும் வெளுத்த பாதியும் அவள் கண்முன்னே கலந்து கரைந்தன. அவள் கைகூப்பி நின்றாள். காய்ச்சல் இறங்கியது; டாக்டர் கொடுத்த மருந்துக்கு இறங்கியதா, வேலுக்கு இறங்கியதா என்று ஊரில் யாரும் ஐயப்படவில்லை.

முன்சீப் கோர்ட்டில் ஒடிந்த கம்பி எங்கே என்று நீதிபதி கேட்டார். வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

"முனியப்பங் கோயில்ல நிக்குதுங்க சாமி. ஆரும் தொடமாட்டாங்க. நீங்க வந்து பாத்துக்கலாமுங்க" என்றாள்.

மண்டபம் சிரித்தது. சண்முகவேல் தலையில் கைவைத்தார். வேல் என்பது மோட்டாரின் எந்த உறுப்பு என்று எதிர்க்கட்சி வக்கீல் பணிவோடு வினவினார். பிறகு, நடந்தது தெய்வச்செயல், இதில் மனிதன் குற்றம் யாதுமில்லை, வாதியின் மனைவியே அதை ஒப்புக்கொண்டுதான் தெய்வத்துக்கு வேல் நட்டிருக்கிறாள் என்று வாதத்தை முடித்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. காலைப் பறித்தது ஒரு மனிதனின் கஞ்சத்தனம். பழியைச் சுமந்தது தெய்வம். தண்டனையை அனுபவித்தவர்கள் குடிசையில் இருந்தார்கள்.

அறுவடை முடிந்ததும் தங்கசாமி புது பஸ் வாங்கினார். முதல் பூசை முனியப்பனுக்கு. வண்டியைக் கோயில் முன் நிறுத்தி, மாலை சாற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மேளத்தோடு ஊரே கூடியிருந்தது. பூசாரி அந்த வேலுக்குச் சந்தனம் பூசி, பொட்டிட்டு, முதலாளியை விழுந்து கும்பிடச் சொன்னார். தங்கசாமி விழுந்தார். தம்மைக் காப்பாற்றிய தெய்வம் எது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கூட்டத்தை விலக்கி வந்த பொன்னாத்தாள் வேலை இரண்டு கையாலும் பற்றி ஆட்டி, மண்ணோடு பிடுங்கினாள்.

மேளம் நின்றது. பஞ்சாயத்து அங்கேயே கூடியது. கோர்ட்டில் பேச வாயில்லாத அத்தனை பேருக்கும் இப்போது வாய் முளைத்தது. சாமி குற்றம், ஊருக்கு ஆகாது, அவள் ஒரு கிடாவும் பொங்கலும் வைத்துச் சாமிக்கு நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பைச் சொன்னவர் தங்கசாமி.

"நட்டஈடுங்களா?" பொன்னாத்தாள் குரலை உயர்த்தவில்லை. "எம் புருசங் காலுக்கு ஒண்ணுமில்லைன்னீங்க. அந்தக் கால முறிச்ச இரும்புக்குக் கிடாயுங் கேக்கறீங்க. சாமிக்குக் காலு போயிருச்சுங்களா?"

பூசாரி வேலைக் கீழே வைக்கச் சொன்னார். அவள் வைக்கவில்லை.

"பிடுங்குங்கடா" என்றார் தங்கசாமி.

எவனும் அசையவில்லை. முனியப்பன் வேலைத் தொட அவர்களுக்குத் துணிவில்லை. பூசாரியின் கையும் பாதி நீண்டு மடங்கியது. எந்த அச்சத்தை நம்பி அவள் சாட்சியைப் பறிகொடுத்தாளோ, அதே அச்சம் இப்போது அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. சந்தனம் பூசிய அந்த இரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புது பஸ்ஸின் முன்னாலேயே நடந்து, செங்கோடன் படுத்திருந்த குடிசைக்குப் போனாள். அவள் தெரு முனை திரும்பும் வரை டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை.